மணவறையில் ஊமையான மைக்

பேய், பிசாசு, ஆவி, அசரீரி என்று எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டுத் தொழில் அப்படி. "அக்கா, ஸ்பீக்கருக்குள்ளை ஆரோ அழுகினம்" என்று பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள், கழற்றிப் பார்த்தால் உள்ளே கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தும், இல்லாவிட்டால் ஈயம் விட்டுப்போய் ஒரு வயர் ஆடிக்கொண்டு நிற்கும். சோல்டரிங் அயனைச் சூடாக்கி நான் ஓட்டிய பேய்கள் கொஞ்சநஞ்சமில்லை. அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், என் தங்கச்சி வதனியின் கலியாணத்தன்று நடந்ததற்கு இன்றுவரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அதுவும் பட்டப்பகலில், அவ்வளவு சனம் பார்த்துக்கொண்டு நிற்க.

என் கணவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற சவுண்ட் சேர்விஸ் வைத்திருந்தார். மயிலிட்டிப் பக்கம் திருவிழாவோ கலியாணமோ பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ எதுவானாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். அவரை நெருப்புக்காய்ச்சல் கொண்டுபோனது. அடுத்த வருஷம் சண்டையில் ஊரும் போனது. கட்டிலையும் அலுமாரியையும் விட்டுவிட்டு அம்பிளிஃபயரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஓடி வந்தவள் என்று சொந்தக்காரர் என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், கோண்டாவிலில் வந்து ஒதுங்கிய எங்கள் இரண்டு பேருக்கும் பிறகு சோறு போட்டது அதுதானே. அம்மா, அப்பா இல்லாத வீட்டில் வதனியை வளர்த்தது நான். தங்கச்சி பாதி, பிள்ளை பாதி.

அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி வரத் தடை. ஒரு சின்னப் பற்றரி வைத்திருந்தால் அது பவுண் வைத்திருப்பது மாதிரி. உயிர் போன பற்றரியை வெயிலில் காயப்போடுவோம், ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விடுவோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்போம். நான் என் நல்ல பற்றரியை எப்போதும் சேலை முந்தானையில் முடிந்துதான் வைத்திருப்பேன், உடம்புச் சூட்டில் கிடந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உழைக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க மீற்றர் எல்லாம் கிடையாது, அது இரண்டு முனையும் ஒரு பக்கத்திலேயே இருக்கிற சின்னச் சதுரப் பற்றரி, அந்த முனைகளை நாக்கில் வைப்பேன். சுள்ளென்று புளித்தால் உயிர் இருக்கிறது, சும்மா தகரத்தை நக்கின மாதிரி இருந்தால் செத்துவிட்டது. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு வேண்டும்.

வயர் இல்லாத மைக் ஒன்று எங்களிடம் இருந்தது. ஜேர்மனியிலிருந்து என் கணவரின் தம்பி முன்பு ஒருமுறை கொண்டுவந்து கொடுத்தது. பேசுகிற பேச்சை அது அலையாக விடும், எஃப்.எம். றேடியோவில் முள்ளைச் சரியான இடத்தில் வைத்தால் பிடிக்கும். றேடியோவும் கசெற்றும் சேர்ந்த ஒரு பெட்டியில் அதைப் பிடித்து, பிடிக்கிறபோதே கசெற்றில் பதிந்து, அங்கிருந்து அம்புக்கு, அதுதான் அம்பிளிஃபயருக்கு, வயர் கொடுப்பேன். அம்பும் பெட்டியும் கார் பற்றரியில் ஓடும். மைக்குக்குத்தான் அந்தச் சதுரப் பற்றரி.

வதனிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். பெண் வீட்டில்தானே கலியாணம் வைக்க வேண்டும், எங்களுக்கு ஏது வீடு? சித்தப்பா குடும்பம் ஒரு பெரிய வீட்டில் இருந்தது, வீட்டுச் சொந்தக்காரர் கனடாவுக்குப் போக, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவை விட்டிருந்தார்கள். முன்னால் நல்ல அகலமான முற்றம். அங்கே வைப்பதென்று முடிவானது. சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டுச் சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, குறை நினையாதை. நீ மணவறைப் பக்கம் வராமல் விட்டால் நல்லது. மாப்பிள்ளை வீட்டார் ஒண்டும் சொல்லேல்லை, எண்டாலும் சனம் கதைக்கும்."

குறை நினையாமல் எப்படி இருக்கிறது? பால் பருக்கி, பேன் பார்த்து, சோதனைக்குப் படிப்பித்து வளர்த்தவள் நான், தாலி இல்லாதவள் என்பதற்காக ஒரு மூலையில் நிற்க வேண்டுமாம். கோபம் தலைக்கேறியது. ஆனால் அவளுடைய நல்ல நாளில் நான் ஒரு வாய்த்தர்க்கம் தொடங்கினால் அது அவளுக்குத்தான் வலிக்கும் என்று விழுங்கிக்கொண்டேன். "சரி சித்தப்பா, நான் அம்போடை பின்னுக்கு இருக்கிறன்" என்றேன். மாட்டுக்கொட்டிலடியில் மேசை போட்டார்கள். அங்கிருந்து மணவறை தெரியாது, வீடு மறைக்கும். அப்போதுதான் எனக்கு அந்த மைக் நினைவுக்கு வந்தது. மணவறைக் காலில் அதைக் கட்டிவிட்டால் கண்ணால் பார்க்காவிட்டாலும் காதால் கேட்கலாமே. எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், என் பிள்ளைக்குத் தாலி ஏறுகிற சத்தம் என் காதில் விழ வேண்டும்.

கலியாணத்தன்று விடிந்து வெயில் ஏறுகிற நேரம், சனம் வர முதல் சோதித்துப் பார்க்கப் போனேன். முற்றத்தின் நடுவில் மணவறை நிற்கிறது, வாழை கட்டியாயிற்று, தோரணம் தொங்குகிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று நடந்தேன். தெருவாசல் படலையடியில் நல்ல சத்தம். வாசல்படியில் நல்ல சத்தம். மணவறைக்குள் கால் வைத்தேன், சத்தம் பட்டென்று நின்றது. வெளியே வந்தேன், கேட்டது. உள்ளே போனேன், நின்றது. இரைச்சலும் இல்லை, கரகரப்பும் இல்லை, சுத்தமான மௌனம்.

எனக்கு ஒரு பயமும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த மைக்குகளின் குணம் எனக்குத் தெரியும். முதலில் பற்றரி. பழையதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முந்தானையில் முடிந்திருந்த நல்லதை எடுத்து நாக்கில் வைத்தேன், சுள்ளென்று கடித்தது, போட்டேன். அதே கதை. மைக்கின் வால் மாதிரித் தொங்குகிற அன்ரனா வயரை நீட்டிப் பார்த்தேன். பந்தலில் ஒரு பக்கம் தகரம் போட்டிருந்தார்கள், தகரம் அலையைத் திருப்பி அடிக்கும், அதைக் கழற்றச் சொல்லி நின்று கழற்றுவித்தேன். அதே கதை. பிறகு றேடியோப் பெட்டியையே இடம் மாற்றினேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், அலை பிடிக்காத குருட்டு இடம் எந்த வீட்டிலும் இருக்கும், ஆனால் பெட்டியை நாலடி நகர்த்தினால் அந்தக் குருட்டு இடமும் தன்பாட்டில் வேறு எங்காவது போய்விடும், அதுதான் முறை. இங்கே பெட்டியை வாசலில் வைத்தேன், படலையடியில் வைத்தேன், மாமரத்தடியில் வைத்தேன். குருட்டு இடம் அசையவில்லை.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. கோலம் போட்ட மிச்ச அரிசிமா ஒரு கிண்ணத்தில் இருந்தது. ஒரு கையில் மைக், ஒரு கையில் கிண்ணம், "ஹலோ ஹலோ" சொல்லிக்கொண்டே போய், சத்தம் நிற்கிற இடத்தில் மாவைத் தூவிக்கொண்டு வந்தேன். சுற்றி முடித்து நிமிர்ந்து பார்த்தால் வடிவான ஒரு வட்டம். மணவறை முழுவதும் அதற்குள்தான் நிற்கிறது.

சரி, இந்த மைக்கையே நம்பக் கூடாது என்று பற்றரியைக் கழற்றி வீணாகாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, வயர் மைக்கை எடுத்து வந்தேன். வயரை நீளத்துக்கு இழுத்தேன். மணமக்கள் சுற்றி வருகிற இடத்தில் காலை இடறும் என்று ஐயர் வேண்டாம் என்றிருந்தார், சோதிக்க மட்டும் எடுத்தேன். வயர் மைக்குக்கு அலையும் இல்லை, அன்ரனாவும் இல்லை. பேச்சு வயருக்குள்ளால் போய் அம்பில் ஏறும், அவ்வளவுதான். மாக்கோட்டுக்கு வெளியே நின்று பேசினேன், குழாய் ஸ்பீக்கர் அதிர்ந்தது. கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தேன்.

ஊமை.

கடவுளே, அப்போதுதான் எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை சிலிர்த்தது. வயர் மைக் அப்படி நிற்க ஒரு வழியும் இல்லை. திரும்பத் திரும்பக் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் விசர் பிடித்தவள் மாதிரி நடந்து பார்த்தேன். வந்திருந்த இரண்டொரு பெண்கள் நான் மணவறையில் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். சித்தப்பா ஓடி வந்தார்.

"பிள்ளை, உன்னட்டை என்ன சொன்னனான்? ஏன் இதுக்குள்ளை நிக்கிறாய்?"

"சித்தப்பா, இந்த வட்டத்துக்குள்ளை ஒரு மைக்கும் வேலை செய்யுதில்லை. மணவறையை அங்காலை தள்ளி வைப்பம்."

"உனக்கென்ன விசரே? மைக்குக்காண்டி ஆரும் மணவறையை மாத்துவினமோ? மாப்பிள்ளை ஆக்கள் சந்தியடிக்கு வந்திட்டினமாம்!"

"எனக்கு என்னவோ பிடிக்கேல்லை சித்தப்பா. இந்த இடம் வேண்டாம்."

"நீ உதுகளை நம்புற ஆளில்லையே! எங்களுக்கு மைக் வைச்சே தாலி கட்டினவை? பேசாமல் பின்னுக்குப் போ."

என்ன சொல்வது, எனக்கே விளங்காததை? கண் கலங்கிக்கொண்டு வயரைச் சுருட்டத் தொடங்கினேன். அப்போது உள்ளே இருந்து வதனி வந்துவிட்டாள். பாதி அலங்காரம், தலையில் பூ ஒரு பக்கம்தான் வைத்திருக்கிறது, தோழிகள் பின்னால் "வெளியிலை வரக்கூடாதடி" என்று இழுக்கிறார்கள்.

"அக்காவுக்குக் கேக்காட்டி எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்."

சித்தப்பா திகைத்துப்போனார். "என்ன கதை கதைக்கிறாய்?"

"ஓம் சித்தப்பா. அக்கா கிட்ட வரக்கூடாதெண்டு சொன்னனீங்கள், நான் வாய் திறக்கேல்லை. அவவுக்குக் கேக்கவும் கூடாதெண்டால் நான் அதிலை வந்து இருக்கமாட்டன்."

அவள் சின்ன வயதிலிருந்தே அதிர்ந்து பேசாத பிள்ளை. கடைசியில் ஐயர்தான் தர்ப்பையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "கிழக்குப் பாத்து இருந்தால் சரி, தள்ளி வைக்கிறதிலை ஒரு குற்றமும் இல்லை. நிண்டு கதையாமல் தூக்குங்கோ" என்றார். அந்த மனிதருக்கு நான் செய்யாத நமஸ்காரம் இன்னும் கடனாக இருக்கிறது. பெடியங்கள் நாலு பக்கமும் பிடித்துத் தூக்கி, முற்றத்தின் வடக்குப் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குள் மேளச் சத்தம் படலையில் கேட்டுவிட்டது. நான் அந்த அவசரத்தில் வயர் இல்லாத மைக்கை எடுத்து சுவிச்சைத் தள்ளி, வதனியின் தோழி ஒருத்தியின் கையில் கொடுத்து, "மணவறைக் காலிலை கட்டிவிடு பிள்ளை" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டிலுக்கு ஓடினேன்.

பெட்டியில் முள்ளைத் திருப்பினேன், கசெற்றைப் பதிய அமத்தினேன். ஆகா, என்ன தெளிவு! குண்டு போடுகிற பொம்பர் விமானம் வந்தால் சத்தம் கேட்க வேண்டுமே என்று அந்த நாட்களில் ஸ்பீக்கரைக் குறைத்துத்தான் வைப்போம், அதனால் நான் பெட்டியோடு காதை வைத்துக்கொண்டு இருந்தேன். ஐயர் செருமுவது கேட்டது. நெய் விடும்போது நெருப்புச் சடசடப்பது கேட்டது. கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வதனி வந்து இருக்கும்போது அவளுடைய காப்புகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. பிறகு மாப்பிள்ளை ரகசியமாக, "கொஞ்சம் குனியும்" என்று சொன்னது கேட்டது. கெட்டிமேளம் கொட்டியது. வாழ்த்தித் தூவிய அறுகரிசி மழை மாதிரிச் சொரிந்தது. அவ்வளவு ஆரவாரத்துக்குள்ளும் மைக்குக்குக் கிட்ட வாயை வைத்து என் தங்கச்சி சொன்னாள்:

"அக்கா, கேக்குதே?"

"ஓம் மோனை, கேக்குது, கேக்குது" என்று நான் மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிக்காதீர்கள், பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

சபை எழும்பிப் பந்தி தொடங்கியது. கை கழுவ ஒரு இடம் வேண்டுமென்று, மணவறை நின்ற வெறும் இடத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாவை வைத்து, பெடியங்கள் வாளி வாளியாக அள்ளி நிரப்பினார்கள். முதல் பந்தி எழும்பிக் கை கழுவப் போக இருந்த நேரம், ஒரு சத்தம். நிலத்துக்கு அடியில் மரம் முறிகிற சத்தம். எல்லாரும் ஷெல் குண்டு என்று குந்திவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்க்க, பீப்பா இல்லை. அது நின்ற இடமும் இல்லை. முற்றத்தின் நடுவில் ஒரு குழி, கீழே இருட்டு, எங்கேயோ ஆழத்தில் பீப்பா தண்ணீரில் போய் விழுந்து மோதுகிற சத்தம்.

அயல் வீட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்து தலையில் கை வைத்தார். "இது முந்தித் தோட்டக்காணியெல்லே, தோட்டக் கிணறு இதிலை இருந்தது. கிணத்தைத் தூர்த்தால் பாவமெண்டு பனைமரக் குத்தி அடுக்கி மேலை மண் போட்டு விட்டவை. குத்தி உக்கிப்போச்சு. எனக்கும் மறந்துபோச்சு, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் இடம்பெயர்ந்து வந்த சனம்.

சித்தப்பா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மணவறையில் வதனி, மாப்பிள்ளை, தோழன், தோழி, ஐயர், சித்தி, ஹோமம், அம்மிக்கல். எல்லாரும் ஒன்றாக நின்று அறுகரிசி போடுகிற நேரம் அந்தக் குத்தி முறிந்திருந்தால்? நான் அதை நினைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் குழியின் விளிம்பைப் பார்த்தேன். நான் தூவிய அரிசிமா வட்டம் அப்படியே, ஒரு இடத்திலும் அறாமல், விளிம்பைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. மண் அந்தக் கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் போயிருக்கிறது. சித்தப்பாவும் பார்த்தார். அவர் எழும்பி வந்து, அவ்வளவு சனத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மணவறையில் ஏற்றி, "ஆசீர்வாதம் பண்ணு பிள்ளை, நீதான் முதல் பண்ண வேணும்" என்றார். பண்ணினேன். இதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்லை, மனிதர் இப்போது உயிரோடு இல்லை.

கிணற்றின் வெற்றிடம்தான் அலையைத் தின்றிருக்கும் என்று படித்த பிள்ளைகள் சிலர் பிறகு எனக்கு விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். அப்படியானால் வயர் மைக்கைத் தின்றது எது? அன்றைக்கே அந்த வயர் மைக்கைக் கயிற்றில் கட்டி அதே குழிக்குள் இறக்கிப் பார்த்தேன், எனக்கு அந்த வீம்பு எப்போதும் உண்டு. தண்ணீர் சொட்டுகிற சத்தம் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் எப்படியாவது மனதைத் தேற்றியிருப்பேன். பின்னேரம் சாமான்களைக் கட்டும்போது மணவறைக் காலிலிருந்து மைக்கை அவிழ்த்தேன். பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டுமே, மூடியைத் திறந்தேன்.

உள்ளே பற்றரி இல்லை.

மேசையைப் பார்த்தேன், பழையது காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வயர் மைக்கை எடுக்கும்போது நல்ல பற்றரியைக் கழற்றினேன், பிறகு சித்தப்பா வந்தார், வதனி வந்தாள், அவசரத்தில் திரும்பப் போடவே இல்லை. முந்தானையைத் தொட்டுப் பார்த்தேன், முடிச்சு போட்டபடி இருந்தது. வதனியின் கலியாணம் முழுவதும் அந்த மைக் பற்றரி இல்லாமல்தான் எனக்குக் கேட்டிருக்கிறது.

கசெற் பெட்டியிலேயே பொருத்தியிருக்கிற மைக் அதைப் பதிந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். அந்தக் கசெற் என்னிடம் இருக்கிறது, வந்து கேளுங்கள். என் பக்கத்தில் கட்டியிருந்த மாடு அன்று முழுநாளும் கத்தியது, மேளச் சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை. ஒரு கத்தல்கூட அதில் இல்லை. நான் அழுததும் இல்லை. காப்புச் சத்தம் இருக்கிறது, "கொஞ்சம் குனியும்" இருக்கிறது.

முடிச்சை அவிழ்த்து அந்தப் பற்றரியை நாக்கில் வைத்தேன். காலையில் சுள்ளென்று கடித்த பற்றரி. மைக்கிலிருந்து கழற்றி முடிந்தபிறகு முந்தானையை விட்டு வெளியே வராத பற்றரி. தகரத்தை நக்கின மாதிரி இருந்தது. ஒரு சொட்டு உயிர் இல்லை, முழுவதும் உழைத்து முடித்திருந்தது.

யார் செய்தது, எது செய்தது என்று எனக்குத் தெரியாது. என் கணவர் என்று சிலர் சொல்வார்கள், முருகன் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒருவர் பேரும் சொல்ல மாட்டேன், தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நன்றி சொல்ல ஆளின் பேர் தெரிய வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே. விளக்கேற்றும்போது, "ஆராய் இருந்தாலும் நல்லாய் இருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கும்பிடுவேன்.

வதனி இப்போது லண்டனில் இருக்கிறாள், பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பாள். எடுத்த உடனே அவள் வாயில் வருகிற முதல் பேச்சு இன்றைக்கும் அதுதான். "அக்கா, கேக்குதே?" என்பாள். "ஓம், கேக்குது" என்பேன் நான், சொல்லும்போதே என் கை தன்பாட்டில் முந்தானையைத் தடவிப் பார்க்கும்.